ஓய்வெடுத்தும் தீராத களைப்பு

நியூயார்க்கில் மருத்துவ மாணவர்கள் 20 பேர். உரிமத் தேர்வுக்காக ஒரு மாதமாக ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுக்கவைத்து ஒரு சின்னச் சோதனை வைத்தார்கள். திரையில் வண்ண உருவங்கள் நகரும். ஒருமுறை நிறத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும், இன்னொரு முறை அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பார்த்து அழுத்த வேண்டும். நிறத்திலிருந்து அசைவுக்கு, அசைவிலிருந்து நிறத்துக்குக் கவனத்தைத் திருப்பும் இடத்தில்தான் இவர்கள் தடுமாறினார்கள். தேர்வு நெருக்கடி இல்லாத இன்னொரு 20 பேர் அந்த அளவுக்குத் தடுமாறவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி, மூளையின் மற்றப் பகுதிகளோடு வைத்திருக்கும் தொடர்பும் தேர்வர்களிடம் தளர்ந்திருந்தது.

தேர்வு முடிந்து, ஒரு மாதம் நெருக்கடி இல்லாமல் கழிந்த பிறகு அதே மாணவர்களை மறுபடி சோதித்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தளர்ந்த தொடர்பும் சரியாகிவிட்டிருந்தது. கானர் லிஸ்டன், புரூஸ் மெக்யூவன், பி.ஜே. கேசி மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இது. ‘கொஞ்ச நாள் ஊருக்குப் போய்ட்டு வா, எல்லாம் சரியாயிடும்’ என்று வீட்டில் சித்தியோ அத்தையோ சொல்வதை எம்.ஆர்.ஐ. எந்திரமே ஆமோதித்ததுபோல இருக்கிறது.

இப்போது ஸ்வீடனுக்குப் போவோம். அங்கே கோதன்பர்க் நகரில் மனஅழுத்த மருத்துவத்துக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. வேலை நெருக்கடியால் ஓய்ந்துபோய் அங்கே சிகிச்சைக்கு வந்தவர்களை, 7 ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அசதி இன்னும் போகவில்லை. 10 பேரில் 7 பேர், ‘முன்பு தாங்கிய நெருக்கடியை இப்போது தாங்க முடிவதில்லை’ என்றார்கள். 7 மாதம் அல்ல, 7 ஆண்டு.

ஒரு பக்கம் ஒரு மாதம், இன்னொரு பக்கம் 7 ஆண்டு. நியூயார்க் மாணவர்கள் நெருக்கடியில் இருந்தது சில வாரங்கள். அது முடியும் தேதி அவர்களுக்குத் தெரியும். கோதன்பர்க் நோயாளிகள் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டு வந்தவர்கள். முடியும் தேதி என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. பிளஸ் டூ, நீட், எம்.பி.பி.எஸ்., மறுபடி நீட், பி.ஜி., அதன் பிறகு வேலை என்று இடைவெளி விடாமல் ஓடும் நம் பிள்ளைகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சேர்த்தி? ஒவ்வொரு தேர்வும் தனியாகப் பார்த்தால் நியூயார்க் மாதிரிதான். ஆனால் தேர்வுக்கும் தேர்வுக்கும் நடுவில் வர வேண்டிய அந்த ஒரு மாதத்தை அடுத்த கோச்சிங் வகுப்பு எடுத்துக்கொண்டுவிடுகிறது.

ஓய்வெடுத்தும் தீராத இந்தக் களைப்புக்கு பர்ன் அவுட் என்ற பெயரை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நாஜிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்த உளவியலாளர். பகலில் தன் சொந்த கிளினிக், இரவில் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கான இலவச மருத்துவமனை என்று நாளை இரண்டாக வெட்டிக்கொண்டு உழைத்தார். குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்ப வேண்டிய ஒரு காலையில் அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. பிறகு தன்னையே நோயாளியாக வைத்து, டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிந்து, அதைத் திரும்பக் கேட்டு ஆராய்ந்தார். 1974இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது. முதலில் விழுகிறவர் பெரும்பாலும் சோம்பேறி அல்ல, அதிக ஈடுபாட்டோடு வந்தவர்தான் என்பது அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று.

அதன் பின் கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார். 1981இல் வந்த அந்தக் கேள்வித்தாள் மூன்று விஷயங்களைத் தனித்தனியே அளக்கிறது. முதலாவது, உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்ற ஓய்ச்சல். இரண்டாவது, செய்யும் வேலை மீதும் அந்த வேலையில் எதிர்ப்படும் மனிதர்கள் மீதும் வரும் வெறுப்பு கலந்த விலகல். வார்டில் இருக்கும் அம்மாவை ‘பெட் நம்பர் 14’ என்று மட்டும் நினைக்கத் தொடங்குவது அந்த வகை. மூன்றாவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம். இதையே மாணவர்களுக்கும் பொருத்திப் பார்த்தவர்கள் உண்டு. ஃபின்லாந்தில் கட்டாரினா சல்மெலா-ஆரோ பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தனி அளவுகோல் தயாரித்தார். அங்கேயும் அதே மூன்றுதான் தலைகாட்டின.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் சேர்த்தது. ஆனால் நோயாக அல்ல; வேலை சார்ந்த ஒரு நிலையாக மட்டும். இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. மருத்துவர்களிடையே பர்ன் அவுட் எவ்வளவு என்று பார்த்த 182 ஆய்வுகளை 2018இல் ஒன்றாக வைத்து அலசினார்கள். குறைந்தது 142 விதமாக அதை வரையறுத்திருந்தார்கள்! ஓர் ஆய்வில் பாதிப்பு பூஜ்யம், இன்னொன்றில் 80 சதவீதத்துக்கு மேல். அதனால் ‘இந்தியாவில் இத்தனை சதவீத ஊழியர்களுக்கு பர்ன் அவுட்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணால் யாருக்கு என்ன பயன்?

இதைவிட முக்கியமான சிக்கல், மனச்சோர்வு நோய். பர்ன் அவுட் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மனச்சோர்வுதான் என்று ரென்சோ பியான்கி போன்ற ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். வாதம் முடிந்தபாடில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு இந்த வித்தியாசம் சிகிச்சையை மாற்றக்கூடிய விஷயம். வேலையை விட்டு விலகி இருக்கும்போது கொஞ்சம் மூச்சு வருகிறதா, அல்லது பிடித்த சாப்பாடு, பிடித்த மனிதர்கள், பிடித்த பாட்டு எதுவுமே ருசிக்கவில்லையா? இரண்டாவது என்றால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவையும் இதே அசதியைத் தரும். எல்லாவற்றையும் ஆபீஸ் தலையில் கட்டுவதற்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு நாள் களைப்பிலிருந்து தொடங்கலாம். பாரிஸில் மூளை ஆய்வு நிறுவனம் ஒன்றில் 2022இல் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கடினமான மூளை வேலை. இன்னொரு குழுவுக்கு அதே நேரம், அதே மாதிரி, ஆனால் எளிய வேலை. நாள் முடிவில், கடின வேலை செய்தவர்களின் முன்மூளைப் புறணியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடுதலாகத் தேங்கியிருந்தது. நரம்பணுக்கள் தகவல் கடத்தப் பயன்படுத்தும் பொருள்தான் அது. அளவு மீறினால் தொந்தரவு. அவர்களுடைய முடிவுகளும் மாறியிருந்தன. காத்திருந்தால் பெரிய தொகை, இப்போதே வேண்டுமென்றால் சின்னத் தொகை என்றபோது, களைத்தவர்கள் இப்போதே கிடைப்பதன் பக்கம் சாய்ந்தார்கள். இரவு 11 மணிக்கு வீடு திரும்பியவர் சமைக்காமல் ஸ்விக்கியில் பரோட்டா வரவழைப்பதையும், தூங்காமல் ரீல்ஸ் பார்ப்பதையும் மன உறுதிக் குறைவு என்று திட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துப்பார்க்கலாம். இந்த வகைக் களைப்பு நல்ல தூக்கத்தில் பெரும்பாலும் கலைந்துவிடும்.

கலையாமல் நாள்கணக்கில், மாதக்கணக்கில் சேர்வது வேறு கதை. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்த மெக்யூவன், முதலில் சொன்ன மாணவர் ஆய்வின் கூட்டாளி, தன் வாழ்நாளையே இதற்குச் செலவிட்டவர். ஆபத்து வந்தால் இதயம் வேகமாகத் துடிப்பதும், கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பதும், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் நம்மைக் காப்பாற்றத்தான். வேலை முடிந்ததும் அவை இறங்கிவிட வேண்டும். இறங்காமலே இருந்தால், காப்பாற்ற வந்த அதே ஏற்பாடு ரத்தக் குழாயையும் மூளையையும் தேய்க்கிறது. இந்தத் தேய்மானத்துக்கு எலியட் ஸ்டெல்லாருடன் சேர்ந்து 1993இல் அவர் ஒரு பெயர் வைத்தார்: அலோஸ்டாட்டிக் சுமை. எலிகளைத் தொடர்ந்து நெருக்கடியில் வைத்தபோது, முன்மூளைப் பகுதியின் நரம்பணுக்களில் கிளைகள் சுருங்கியதை லிஸ்டனும் அவரும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மனிதர்களிடமும் தேடிப்பார்க்கும் யோசனையே வந்தது.

மனிதர்களில் நீண்ட காலம் பாதிக்கப்பட்டவர்களின் மூளையை ஸ்டாக்ஹோமில் இவான்கா சாவிச் படமெடுத்தார். முன்மூளைப் புறணி சில இடங்களில் மெலிந்திருந்தது. அச்சத்தையும் எச்சரிக்கையையும் கையாளும் அமிக்டலா பெரிதாகியிருந்தது. அதாவது பிரேக் தளர்ந்து, ஹாரன் பலமாகியிருக்கிறது. ஓரிரு ஆண்டு கழித்து மறுபடி எடுத்த படங்களில் புறணியின் மெலிவு சரியாகிவிட்டிருந்தது. அமிக்டலாவில் கண்ட மாற்றம் அப்படிப் பின்வாங்கவில்லை. கோதன்பர்க்கில் 7 ஆண்டு கழித்தும் ‘தாங்க முடிவதில்லை’ என்று சொன்னவர்களின் பேச்சுக்கும் இந்தப் படத்துக்கும் பொருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் வேறு வேறு ஆட்களிடம் செய்த வேறு வேறு ஆய்வுகள் என்பதால் இதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது, கார்ட்டிசால் வற்றிவிட்டது’ என்று சொல்லி மூலிகை மாத்திரையும் பவுடரும் விற்பவர்கள் இன்ஸ்டாகிராமில் நிறைய. அப்படி ஒரு நோய் இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சர்வதேச அமைப்பே சொல்லிவிட்டது. பர்ன் அவுட் உள்ளவர்களின் கார்ட்டிசால் அளவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சிலரிடம் கூட, சிலரிடம் குறைய, பலரிடம் சாதாரணம். ரத்தத்தையோ எச்சிலையோ எடுத்துப் பார்த்து ‘உங்களுக்கு பர்ன் அவுட்’ என்று சொல்லும் பரிசோதனை இன்றுவரை கிடையாது.

மீள்வதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது லீவு. லீவு உதவும், ஆனால் நிற்காது. நெதர்லாந்தில் யெசிக்கா டி பிளூம், சராசரியாக 23 நாள் நீண்ட விடுமுறைக்குப் போன ஊழியர்களைப் பயணத்தின் நடுவிலேயே போனில் அழைத்து நலம் விசாரித்தார். உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது 8ஆம் நாள்வாக்கில் உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இஸ்ரேலில் மினா வெஸ்ட்மனும் டோவ் ஈடனும் 1997இல் கண்டதும் கிட்டத்தட்ட அதேதான். மூன்று வாரத்தில் பர்ன் அவுட் அளவு முழுதாகத் திரும்பியிருந்தது.

நம் ஊரில் லீவு என்பதன் கணக்கே வேறு. குலதெய்வக் கோயில், மச்சினன் கல்யாணம், அப்பாவின் கண் ஆபரேஷன், வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்று ஆண்டு லீவு போய்விடும். பெண்களுக்கு அதிலும் பாதி, விருந்தாளிகளுக்குச் சமைப்பதில். அந்த லீவுக்கு முதல் நாள் இருந்ததைவிட மறுநாள் அதிக அசதியோடு வேலைக்குத் திரும்புகிறவர்களிடம் 8ஆம் நாள் உச்சத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.

லீவின் நீளத்தைவிட அதில் மனம் எங்கே இருக்கிறது என்பதை ஆராய்ந்தவர் ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சபீனா சொனன்டாக். ஷார்லட் ஃபிரிட்ஸுடன் சேர்ந்து 2007இல் அவர் நான்கு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். வேலையை மனத்திலிருந்து இறக்கிவைப்பது, உடலைத் தளர்த்துவது, நேரத்தை நம் விருப்பப்படி செலவிடுவது ஆகிய மூன்றும் யாரும் யூகிக்கக்கூடியவை. நான்காவது வியப்பானது: வேலைக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றில் கைதேர்வது. மிருதங்கம் கற்பது, நீச்சல், மாடித்தோட்டம், கேரம். ‘எதற்கும் லாயக்கில்லை’ என்ற, மாஸ்லாக் அளந்த அந்த மூன்றாவது அம்சத்துக்கு, மார்க் போடாத ஒரு வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவது மாற்றாக அமைகிறது. ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடந்தால் அது கிடைக்காது. சின்ன வயதிலிருந்து ரேங்க்கோடு வளர்ந்தவர்கள் இதையும் ‘சர்டிபிகேட் கோர்ஸ்’ ஆக்கிவிடும் அபாயம் உண்டு.

சொனன்டாக் சொன்ன இன்னொன்று கசப்பானது. யாருக்கு மீட்சி அதிகம் தேவையோ, அவர்களால்தான் அது அதிகம் முடிவதில்லை. நெருக்கடி கூடினால் வேலையை மனத்திலிருந்து இறக்க முடியாது, தூக்கம் கெடும், உடற்பயிற்சிக்குத் தெம்பு இருக்காது. ‘வாக்கிங் போகலாமே, யோகா பண்ணலாமே’ என்று சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கோ அது இன்னொரு ஹோம்வொர்க்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நான் படித்த வரையில் விடை தூக்கம்தான். ஸ்வீடனின் டோர்பியோர்ன் ஓக்கர்ஸ்டெட் குழு பணியில் இருந்தவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தபோது, பின்னால் பர்ன் அவுட்டில் விழுந்தவர்களிடம் முன்பே தெரிந்த அறிகுறிகளில் இரண்டு: 6 மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம், ஓய்வு நேரத்திலும் வேலை நினைப்பு. ஏற்கெனவே விழுந்து நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்தவர்களின் தூக்கத்தை மின்முனைகள் பொருத்திப் பதிவு செய்தார்கள். படுக்கையில் இருந்த நேரம் குறையவில்லை. தூக்கம்தான் துண்டு துண்டாக இருந்தது. தாங்களே உணராத குறு விழிப்புகள் அதில் ஏராளம், ஆழ்ந்த தூக்கம் குறைவு. ‘பத்து மணி நேரம் தூங்கினேன், அசதி போகலியே’ என்ற புலம்பலில் பொய் இல்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி பதிவு செய்தபோது, யாருக்கு அந்தத் துண்டாடல் குறைந்திருந்ததோ அவர்களுக்கே அசதியும் குறைந்திருந்தது.

இதனால் நடைமுறையில் ஒரு விஷயம் கிடைக்கிறது. மீட்சியின் முதல் மாதங்களில் இலக்கு வேலைத்திறனாக இருக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்துக்கு எழுவதாக இருந்தால் போதும். எழும் நேரம் நிலைத்தால் தூங்கும் நேரம் பின்னால் வரும். பகலில் 3 மணி நேரம் தூங்கி இரவைக் கெடுப்பது, மதியத்துக்கு மேல் காபி, படுக்கையில் லேப்டாப் ஆகிய மூன்றையும் கழித்தாலே பலருக்கு மாற்றம் தெரியும். நைட் டூட்டிக்காரர்களுக்கு இந்த அறிவுரை கேலியாகத்தான் ஒலிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பிரச்சினை டூட்டி ரோஸ்டரில் இருக்கிறது, தலையணையில் இல்லை.

தூக்கம் ஒழுங்கான பிறகு தெம்பு மெல்லத் திரும்பும். நினைவும் கவனமும் அதற்கும் தாமதமாக. ஒரு பக்கம் படித்ததை மறுபடி படிக்க வேண்டியிருப்பது, தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நிற்பது, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சல் வருவது இவையெல்லாம் உடல் தேறிய பிறகும் கொஞ்ச காலம் இருக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது நெருக்கடியைத் தாங்கும் சக்தி. சிலருக்கு அது முழுதாக வருவதே இல்லை. ஒருமுறை மோசமாகச் சுளுக்கிய கணுக்கால் நடக்கும்போது வலிக்காது, மேடுபள்ளத்தில் மட்டும் காட்டிக்கொடுக்கும். அது மாதிரி.

ஆகவே ஆபத்தான கட்டம் படுக்கையில் கிடக்கும் காலமல்ல, முதன்முதலாக நன்றாக இருக்கும் வாரம்தான். ‘ஆஹா, நான் பழைய ஆளாகிவிட்டேன்’ என்று விட்டுப்போன எல்லாவற்றையும் அந்த வாரத்திலேயே பிடிக்கப் பார்ப்போம். தெம்பு வந்துவிட்டது, தாங்குசக்தி வரவில்லை என்பது அடுத்த வாரம் தெரியும். நல்ல நாளில் செய்ய முடிவதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது, சுறுசுறுப்புக்குப் பெயர் வாங்கி வளர்ந்தவர்களுக்கு மிகவும் கஷ்டமான பயிற்சி.

இனி வேலையிடத்துக்கு வருவோம். நெதர்லாந்தில் ரோலண்ட் பிளாங்க் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வை எல்லா மேலாளர்களும் படிக்க வேண்டும் என்பேன். வேலை நெருக்கடியால் மனநலம் குன்றி விடுப்பில் இருந்த சுயதொழில்காரர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குத் தேர்ந்த உளவியலாளர்கள் கொடுக்கும் முழு அளவு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. இன்னொன்றுக்கு, தொழில் நிபுணர்கள் கொடுத்த சுருக்கமான ஆலோசனையோடு, வேலையையே எப்படி மாற்றி அமைப்பது, படிப்படியாக எப்படித் திரும்புவது என்ற திட்டமும். மூன்றாவது பிரிவுக்குத் தனிச் சிகிச்சை இல்லை. முழுதாக வேலைக்குத் திரும்பியதில், வேலையை மாற்றி அமைத்த பிரிவு மற்ற இரண்டையும் சுமார் 200 நாள் முந்தியது. மனதோடு மட்டும் பேசிய சிகிச்சையால் வேலைக்குத் திரும்பும் வேகம் கூடவில்லை.

இதன் மறுபக்கத்தை ஆக்ஸ்ஃபர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024இல் காட்டினார். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் பதில்களை அலசினார். தியான ஆப், மீள்திறன் பயிற்சி, நேர மேலாண்மை வகுப்பு என்று தனிநபரைக் குறிவைத்த திட்டங்களில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நலமாக இருப்பதாகத் தெரியவில்லை. விலக்கு ஒன்றே ஒன்று: பிறருக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பு. வெள்ளிக்கிழமை மதியம் கான்ஃபரன்ஸ் ரூமில் பாய் விரித்து மூச்சுப் பயிற்சி நடத்தும் ஹெச்.ஆர். துறையினர் இதைப் படித்தார்களா தெரியவில்லை. மூச்சுப் பயிற்சி தவறில்லை. அது முடிந்ததும் அதே ஊழியருக்கு ‘ஞாயிறுக்குள் முடித்துவிடுங்கள்’ என்று மெயில் வருகிறதே, அதுதான்.

மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் வேலைச்சுமையோடு இன்னும் ஐந்து விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறார்கள். அவற்றில் இரண்டை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒன்று, தன் வேலையைத் தான் தீர்மானிக்கும் உரிமை. இன்னொன்று நியாயம். 12 மணி நேரம் உழைத்தவர் அந்த உழைப்பைத் தாங்கிக்கொண்டிருப்பார். தன் வேலைக்கு இன்னொருவர் அப்ரைசலில் பெயர் வாங்கிய அன்று உடைந்துபோவார். அப்படி உடைந்தவரை மூன்று மாத ஓய்வுக்குப் பின் அதே மேலாளரிடம் திருப்பி அனுப்பினால், ஓய்வு எதைச் சரி செய்திருக்கும்?

சுமை சின்ன விஷயம் என்று சொல்லவரவில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாகச் சொல்லின. 2023இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றபோது எழுந்த விவாதத்தில் இந்த எண் போதிய அளவு அடிபடவில்லை.

நம் மருத்துவக் கல்லூரிகளில் 70 என்பது இளைப்பாறும் வாரம். பி.ஜி. மாணவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று சொன்ன மத்திய அரசு ஆணை 1992இலேயே வந்தது. 36 மணி நேர டூட்டி முடித்து, முகம் கழுவிக்கொண்டு மறுநாள் ஓ.பி.க்கு வந்து உட்காரும் எந்த பி.ஜி.யிடமும் அந்த ஆணையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் அறிக்கை தந்தது. தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தாங்களே சொன்னவர்கள் இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம், முதுநிலையில் 15.3 சதவீதம். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் முழு விடுப்பு வேண்டும் என்பது குழுவின் பரிந்துரை. பக்கவாத அபாயம் கூடும் 55 மணி நேரத்தை விட 19 மணி நேரம் அதிகமான ஒன்றைச் சீர்திருத்தமாகக் கேட்க வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

ஸ்வீடனில் மருத்துவ விடுப்பைக் கால், அரை, முக்கால், முழு என்று நான்கு அளவில் எடுக்கலாம். அரை நாள் வேலை, அரை நாள் விடுப்பு, அதற்கு உதவித்தொகை. தேறத் தேற அளவு மாறும். நம்மிடம் இருப்பது இரண்டே கதவு: ஒன்று முழு லீவு, இல்லையென்றால் முழு வேலை. நடுவில் இருப்பவர்கள் ராஜினாமா கடிதம் எழுதுகிறார்கள். படிப்பில் இருப்பவர்களுக்கு அதுவும் எளிதல்ல. முதுநிலைப் படிப்பைப் பாதியில் விட்டால் பல இடங்களில் லட்சக்கணக்கில் பத்திரத் தொகை கட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு சந்து இருக்கிறது. மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பும்போது, கையில் 20 நாள் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை மொத்தமாக எடுத்தால் டி பிளூம் சொன்னபடி, திரும்பிய முதல் வாரத்திலேயே பலன் கரைந்துவிடும். அதையே ஒவ்வொரு புதன்கிழமையாக எடுத்தால் 20 வாரம், அதாவது நாலரை மாதத்துக்கும் மேல், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேலை செய்யத் தேவையில்லை. திங்கள், செவ்வாய், ஒரு நாள் ஓய்வு, வியாழன், வெள்ளி. சனிக்கிழமையும் வேலை உள்ள இடமென்றால் கணக்கு கொஞ்சம் மாறும். இதற்குத் தடை இருக்கிறதா என்று ஹெச்.ஆர். விதிகளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மேலாளரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் வேலையில் சேரும் முன்பே, எழுத்தில். சேர்ந்த பிறகு கேட்டால் ‘இந்த ரிலீஸ் முடியட்டும், பார்க்கலாம்’ என்பார்.